பழங்குடிச் சமூகங்களில் கணிப்பொறிக் கல்வி: எழுத்தும் சொல்லும்

0. முன்னுரை

பழங்குடிச் சமூகங்களுக்குக் கணிப்பொறியையும் இணையத்தையும் கற்பிக்கும் திட்டங்கள் பெரும்பாலும் கருவி, தொடர்பு, பயிற்சி என்னும் மூன்றையே கருத்திற் கொள்கின்றன. இம்மூன்றிற்கும் முன்னதாக எழும் மொழிச் சிக்கல் பல வேளைகளில் கவனிக்கப்படுவதில்லை. முதற் பாடம் எம்மொழியில், எவ்வெழுத்தில் நிகழ்கிறது என்பதே, அச்சமூகத்தில் யார் கற்பர், யார் விலகி நிற்பர் என்பதைப் பெரிதும் முடிவு செய்கிறது. வட கனடாவில் இனுயிட் மக்கள் பேசும் இனுக்டிட்டுட் மொழியை முதன்மைச் சான்றாகவும், சந்தாலியை இந்திய ஒப்பீடாகவும் கொண்டு இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

1. சூழல்

நுனாவுட் ஆட்சிப்பகுதி 1999 ஏப்ரல் 1ஆம் நாள் உருவாயிற்று. மக்களுள் பெரும்பான்மையினர் இனுயிட் இனத்தவர். அங்குள்ள 25 ஊர்களை ஒன்றோடொன்று இணைக்கும் சாலைகள் இல்லை. வானூர்தியும் கோடைக்காலக் கப்பலுமே போக்குவரத்து. இணையத் தொடர்பு செயற்கைக்கோளைச் சார்ந்தது. இத்தகைய நிலப்பகுதியில் கல்வி, மருத்துவம், அரசு அலுவல் ஆகியவற்றுக்கு இணையம் ஆடம்பரமன்று, தேவை. ஆயினும் முதியோருள் ஆங்கிலப் பயிற்சி குறைந்தோர் பலர். மொழியின் சொல்வளத்தை முழுமையாக அறிந்தவர்களும் அவர்களே. ஆங்கிலத்தில் மட்டுமே நிகழும் பயிற்சி, மொழியைச் சிறக்க அறிந்தோரைப் புதிய களத்திலிருந்து விலக்கிவிடுகிறது.

2. எழுத்தும் விசைப்பலகையும்

நுனாவுட்டின் பெரும்பகுதியில் இனுக்டிட்டுட் அசையெழுத்தில் எழுதப்படுகிறது. கிரீ மொழிக்கென 1840 அளவில் அமைந்த எழுத்துமுறையின் தழுவல் இது. மெய்யைக் குறிக்கும் வடிவம் எத்திசை நோக்கித் திருப்பப்படுகிறதோ அதற்கேற்ப உயிர் மாறும். தமிழில் உயிர்மெய்க்குக் குறியீடு சேர்கிறது; அங்கு வடிவமே திரும்புகிறது. மேற்குப் பகுதி ஊர்களில் உரோமன் எழுத்து வழங்குகிறது. 1976இல் இனுயிட் பண்பாட்டு நிறுவனம் வகுத்த நெறி இவ்விரண்டினையும் ஏற்றது.

ஒருங்குறியின் 3.0 பதிப்பில் (1999) கனடியப் பழங்குடி அசையெழுத்துகள் இடம்பெற்றன. அதற்கு முன்னர், ஆங்கில எழுத்துகளின் குறியிடங்களில் அசையெழுத்து வடிவங்களைப் பொருத்திய எழுத்துருக்களே பயன்பட்டன. அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் மடல் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். தமிழ் எழுத்துருக்களின் குழப்பத்தைக் கண்டோர்க்கு இந்நிலை புதிதன்று.

குறியேற்றம் தீர்ந்தபின் விசைப்பலகைச் சிக்கல் எஞ்சுகிறது. ஆங்கில எழுத்துகளைத் தட்டி அசையெழுத்தைப் பெறும் முறை, பள்ளியில் ஆங்கிலம் கற்ற இளைஞர்க்கு எளிது. அசையெழுத்தை மட்டும் படிக்கத் தெரிந்த முதியவர்க்கோ அது இரட்டைச் சுமை. 'நக்கித்தாவுட்' என்னும் விசைப்பலகையில் அசையெழுத்துகள் நேரடியாகவே விசைகளில் அமைந்துள்ளன. தமிழில் 'தமிழ்99' அமைப்புக்கும் உரோமன்வழி உள்ளீட்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு இதனோடு ஒப்பிடத்தக்கது. எனவே பயிற்சியாளர் முதலில் அறிய வேண்டியது, கற்பவர் எவ்வெழுத்தைப் படிப்பவர் என்பதே.

3. சொல்லாக்கம்

கணிப்பொறியைக் குறிக்கும் தமிழ்ச்சொல்லும் ஆங்கிலச் சொல்லும் கணித்தல் என்னும் பொருளடியாகப் பிறந்தவை. இனுக்டிட்டுட்டில் அது 'கரசௌயக்', அதாவது 'மூளையைப் போன்றது'. மாவோரியில் 'ரோரோஹிக்கோ' என்றும் ஹவாய் மொழியில் 'லோலோ உவிலா' என்றும் வழங்கும் சொற்களுக்கும் 'மின்மூளை' என்பதே பொருள். எண்ணிக்கையை விடுத்து நினைவும் சிந்தனையும் இங்கு அடிப்படையாகின்றன.

இணையத்தைக் குறிக்கும் 'இகியாக்கிவிக்' என்னும் இனுக்டிட்டுட் சொல் மேலும் நுட்பமானது. அடுக்குகளினூடே பயணம் செய்தல் என்பது அதன் பொருள். தொலைவிலிருக்கும் உறவினர் நிலையையோ விலங்குகள் இருக்கும் இடத்தையோ அறியப் பழைய பூசாரி மேற்கொண்டதாக நம்பப்படும் பயணத்தை அது சுட்டுகிறது. இருந்த இடத்திலிருந்தே சென்று செய்தி கொணர்தல் என்னும் விளக்கம் சொல்லுக்குள்ளேயே அமைந்திருப்பதால் பயிற்சியாளரின் பணி பாதியாகக் குறைகிறது. கடன்சொல்லுக்கு இவ்வாற்றல் இல்லை.

4. ஏவற்சொற்களின் இலக்கணம்

திரையில் தோன்றும் கட்டளைகள் ஆங்கிலத்தில் வினையடியாகவே நிற்கின்றன. தமிழிலும் 'சேமி', 'அனுப்பு', 'நீக்கு' என வினையடியே முன்னிலை ஏவலாகும். ஆதலின் மொழிபெயர்ப்பு எளிது. இனுக்டிட்டுட் பல்லொட்டுமொழி. அதில் வினையடி தனித்து நிற்காது. செய்வோனையும் வினைப்பாங்கையும் காட்டும் விகுதி வேண்டும். கட்டளையைப் பயனர் பொறிக்கு இடுகிறாரா, பொறி பயனர்க்குச் சொல்கிறதா, அன்றி அது செயலின் பெயரா என்பதை மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்தாக வேண்டும். ஆங்கிலம் மறைத்து வைத்திருந்த வினா இங்கு வெளிப்படுகிறது. சொல் நீளும்போது திரைக் கட்டங்களின் அளவும் போதாமற் போகிறது. ஒரே சொல்லில் ஒரு முழுத்தொடர் அடங்குவதால், வேர்ச்சொல்லைக் கொண்டு தேடும்போது சொற்பிளப்பு இன்றியமையாததாகிறது.

5. சந்தாலியுடன் ஒப்பீடு

சந்தாலிக்கென இரகுநாத் முர்மு 1925இல் உருவாக்கிய ஓல் சிக்கி எழுத்து 2008இல் ஒருங்குறியின் 5.1 பதிப்பில் இடம்பெற்றது. இதில் உயிருக்கும் மெய்க்கும் தனித்தனி எழுத்துகள் உள்ளன. கூட்டெழுத்துச் சிக்கல் இல்லை. விசைப்பலகை கற்பித்தற்கு இது பெரும் வசதி. ஆயினும் சந்தாலி தேவநாகரி, வங்காளம், ஒடியா, உரோமன் எழுத்துகளிலும் எழுதப்படுகிறது. 2003ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தால் சந்தாலி எட்டாம் அட்டவணையில் சேர்ந்தபோதும் கற்பவரின் எழுத்தறிவு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடவே செய்கிறது. ஒரே பாடநூலை எல்லா மாநிலங்களுக்கும் அனுப்புவது பயன் தராது.

6. முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. எழுத்துத் தேர்வு கற்பவரின் எழுத்தறிவைப் பின்பற்ற வேண்டும். கலைச்சொற்கள் முதியோரை உடன்வைத்து உருவாக்கப்பட வேண்டும். கட்டளைகளை மொழிபெயர்ப்போர் இலக்கண அமைப்பை முதலில் ஆராய வேண்டும். இவற்றைப் புறக்கணித்தால் பாட்டி பேரனிடம் அயல்மொழியில் பாடம் கேட்கும் நிலையே வாய்க்கும். அவற்றைப் போற்றினால், பொறியை இயக்கப் பேரன் கற்பிக்க, அதற்குரிய சொல்லைப் பாட்டி வழங்குவாள். மொழி புதிய களத்தில் நிலைபெறுவது இவ்விருவழிக் கற்பித்தலால்தான்.