வாடகை வீடும் வளர்ப்புப் பூனையும்

மாவட்டத் தலைநகராகிய கடலூருக்குப் பணிமாறுதலில் வருவோரும், சிதம்பரத்தில் 1929இல் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நாடி வருவோரும் பெரும்பாலும் வாடகை வீடுகளிலேயே குடியேறுகின்றனர். அவ்வீட்டில் பூனை வளர்க்கலாமா என்பது சிறிய வினாவாகத் தோன்றலாம். ஆனால் அதனுள் இரண்டு அமானிதங்கள் அடங்கியுள்ளன: ஒன்று வீடு, மற்றொன்று வாயில்லா உயிர்.

பூனை வளர்க்க மார்க்கத்தில் தடையில்லை. நபித்தோழர் அபூகத்தாதா (ரலி) அவர்கள் தம் ஒளூ நீரைப் பூனை அருந்துமாறு பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்ததையும், பூனை அசுத்தமன்று என்ற நபிமொழியை எடுத்துரைத்ததையும் திர்மிதீ, அபூதாவூத் நூல்களில் காண்கிறோம்.

ஆயினும் வீடு பிறருடையது. வாடகை உடன்படிக்கையை ஃபிக்ஹ் நூல்கள் 'இஜாரா' என்பர். அதில் நமக்குக் கிடைப்பது வீட்டின் பயன்பாடே, உடைமையன்று. முஸ்லிம்கள் தாம் ஏற்ற நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பது நபிமொழி. ஹலாலை ஹராமாக்கும் அல்லது ஹராமை ஹலாலாக்கும் நிபந்தனைக்கு மட்டுமே அதில் விலக்குண்டு. அவ்வாறாயின், "பூனை கூடாது என்பதும் ஹலாலைத் தடுப்பதன்றோ?" எனச் சிலர் வினவலாம். அன்று. சுவரில் ஆணி அடிப்பதில்லை என ஒப்புக்கொள்வதைப் போன்று, ஆகுமான ஒன்றை நாமே மனமுவந்து அவ்வீட்டளவில் விட்டுக்கொடுக்கிறோம், அவ்வளவே.

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையிலுள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து வடிவ உடன்படிக்கையை வலியுறுத்துகிறது. எனவே முன்பணம் கொடுக்கும் முன்பே உரிமையாளரிடம் கேட்டு, எத்தனை பூனைகள், சேதமுற்றால் செப்பனிடுவது எவர் பொறுப்பு என்பவற்றை அதில் எழுதிக்கொள்ளலாம். இசைந்து கையொப்பமிட்ட உரிமையாளரும் இடையில் மனம் மாறலாகாது. உடன்படிக்கை இருசாராரையும் கட்டுப்படுத்தும். அவர் மறுத்தால் வேறு வீடு தேடுவதே நேர்மை.

மறைத்து வளர்ப்பதன் விளைவை இறுதியில் அனுபவிப்பது பூனையே. உண்மை வெளிப்பட்ட நாளில் அது கடைத்தெருவில் விடப்படுகிறது. உணவளிக்காமலும், தானே இரைதேட விடாமலும் பூனையை அடைத்து வைத்துச் சாகவிட்ட பெண் தண்டனைக்குள்ளானதைப் புகாரீ, முஸ்லிம் நூல்கள் அறிவிக்கின்றன. பசி தாகத்தால் வாடும் நிலையில் பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதை இந்திய நாட்டின் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் குற்றமென்கிறது.

ஆகவே கையொப்பமிடும் முன் கேட்கும் ஒரு கேள்வி, வீடு, உயிர் என்னும் இரு அமானிதங்களையும் காக்கும்.