நாலு கிகாஹெர்ட்ஸ் கனவு

2004-ஆம் ஆண்டு அக்டோபரில், அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் கூடிய தொழில் மாநாடொன்றில், இன்டெல் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியாக அந்நாளில் விளங்கிய கிரெய்க் பாரெட், 4 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் பென்டியம் சில்லைத் தருவதாகச் சொல்லியிருந்த வாக்கைக் காப்பாற்ற முடியாமற் போனதற்காக, மேடையிலேயே மண்டியிட்டுச் சபையோரிடம் மன்னிப்புக் கேட்டார். விளையாட்டாகச் செய்ததுதான், ஆயினும் அவரை மண்டியிட வைத்தது போட்டி நிறுவனமன்று, பௌதிக சாஸ்திரம்.

சில்லினுள் நிகழும் காரியங்கள் யாவும் ஒரு கடிகாரத் துடிப்புக்குக் கட்டுப்பட்டவை. 4 கிகாஹெர்ட்ஸ் என்றால் துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையே கால் நானோ நொடிதான் அவகாசம். அதற்குள் ஒளியே ஏழரை சென்டிமீட்டர்தான் செல்லும் என்றால், நுண்ணிய கம்பிகளின் மின்தடையோடு போராடிச் செல்லும் சமிக்ஞையின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே பொறியாளர்கள், சித்தாள்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றுவதுபோல, ஒரு வேலையைப் பல சிறு படிகளாகப் பகுத்தார்கள். 2000-இல் வந்த பென்டியம் 4-இல் இருபது படிகள். 2004-இல் வந்த பிரெஸ்காட் என்னும் அதன் வாரிசில் முப்பத்தொன்று. நிரல் அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று முன்கூட்டி ஊகித்தது பொய்த்துவிட்டாலோ, அத்தனை படிகளிலும் பாதி நடந்த வேலை வீண்.

ஆனால் வாஸ்தவமான சத்துரு உஷ்ணமே. செலவாகும் மின்திறன் அதிர்வெண்ணுக்கு ஏற்பவும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும் பெருகும். வேகத்தைக் கூட்டவோ அழுத்தத்தையும் சற்றே கூட்ட வேண்டியிருப்பதால், சிறிது லாபத்துக்குப் பெரிய நஷ்டம். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கி அழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்துவந்தால் வெப்பச் செறிவு ஏறாது என்று ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்ட் 1974-இல் காட்டிய மார்க்கம் முப்பதாண்டுக் காலம் கைகொடுத்தது. அழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கியதும், அணைத்து வைத்த டிரான்சிஸ்டர்களிலும் மின்சாரம் கசியத் தொடங்கியது. பிரெஸ்காட்டிலோ, ஏறக்குறைய ஒரு சதுர சென்டிமீட்டர் சில்லிலிருந்து நூறு வாட்டுக்கு மேற்பட்ட வெப்பத்தை வெளியேற்றும் நிர்ப்பந்தம் நேர்ந்தது.

அந்தப் பென்டியம் 3.8 கிகாஹெர்ட்ஸோடு நின்றது. வேகத்தை மேலும் கூட்டுவதற்குப் பதிலாக, மறு ஆண்டே ஒரே சில்லில் இரண்டு செயலகங்கள் (கோர்கள்) வந்தன. இன்று 6 கிகாஹெர்ட்ஸ் என்று விளம்பரமாகும் மேசைக் கணினிச் சில்லுகள் உண்டு. பல செயலகங்களுள் ஓரிரண்டு மட்டும், அதுவும் வெப்பம் இடங்கொடுக்கும் வரையில், எட்டுகிற உச்சம் அது. கடைக்காரர் அந்த எண்ணைப் பெருமையோடு காட்டினால், அந்த வேகம் எவ்வளவு நேரம் நிற்கும் என்றும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.