ஆற்றலும் அதன் விலையும்

மக்கட்கு இயல்பாக அமையாத பேராற்றலைப் பெறுதற்கு எதனை விலையாகக் கொடுத்தல் வேண்டும்? இவ்வினா மிகப் பழையது. கந்தபுராணத்திலே சூரபன்மன் பெருவேள்வி இயற்றித் தன்னையே தீக்கு ஈந்த பின்னர்தான் 1008 அண்டங்களை 108 யுகம் ஆளும் வரத்தைப் பெறுகின்றான். ஆங்கு விலை முன்னே கொடுக்கப்படுகின்றது. பேறு பின்னே வருகின்றது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலே ஆங்கில நாடகாசிரியர் மார்லோ அரங்கிற்குத் தந்த பவுஸ்ற்றஸ் கதையிலோ இம்முறை தலைகீழாகும். ஆற்றல் முன்னே வரும். ஈடாக வைத்த ஆன்மா பின்னே பறிபோகும். இவ்விரண்டாவது வழியில் வந்ததே ‘ஸ்போன்’ என்னும் அமெரிக்கச் சித்திரக்கதை. நரகம் ஈன்ற பிறவி என்பது அப்பெயரின் குறிப்பு.

சித்திரக்கதை சிறுவர்க்கே உரியது என்பாரும் உளர். 1938இல் தோன்றிய சூப்பர்மான் முதலாய வீரர் கதைகளை நோக்க, அக்கூற்று ஓரளவு பொருந்தலாம். சூப்பர்மான் தன் ஆற்றலுக்காக எதனையும் ஈந்தவன் அல்லன். அது பிறப்போடு வந்தது. ‘ஸ்போன்’ அத்தகையதன்று. தாம் படைத்தவற்றின் உரிமை தமக்கே வேண்டுமென விழைந்து, மார்வெல் நிறுவனத்தின் பணியை விடுத்து, 1992இல் இமேஜ் கொமிக்ஸ் என்னும் பதிப்பகத்தை நிறுவிய ஓவியர் எழுவருள் ஒருவரான ரொட் மக்பார்லனே இதனை ஆக்கியவர். அவ்வாண்டு மே மாதத்து முதலிதழ் ஏறத்தாழ 17 இலட்சம் பிரதிகள் விற்பனையாயிற்று.

கதைத்தலைவன் அல் சிமன்ஸ், அமெரிக்க அரசின் மறைமுகப் பணியில் அமர்ந்து கொலைத்தொழில் புரிந்தவன். மேலதிகாரியின் சூழ்ச்சியால் கொல்லப்பட்டு நரகம் புகுகின்றான். மனைவி வண்டாவை மீண்டும் காணவேண்டும் என்னும் ஒரே வேட்கையால், மலபோல்ஜியா என்னும் நரகத் தலைவனுக்குத் தன் ஆன்மாவை ஒப்புவிக்கின்றான். மீண்டு வந்தபோது ஐந்து ஆண்டுகள் கழிந்துவிட்டன. வண்டா அவனுடைய உற்ற நண்பன் ரெறியை மணந்து, ஒரு குழந்தைக்குத் தாயாகி வாழ்கின்றாள். இவனோ எரிந்து கருகிய முகத்தினன், நினைவும் சிதைந்தவன். நியூயோர்க் நகரின் ஒதுக்குச் சந்துகளில், வீடற்ற ஏழைகளே அவனுக்குத் துணை.

இங்கே ஒன்று நோக்கத்தக்கது. உடன்படிக்கையிற் கூறிய விலை ஆன்மா ஒன்றே. கூறாத விலையோ அதனினும் பெரிது. எவளைக் காணும்பொருட்டு ஆற்றலைப் பெற்றானோ, அவள்முன் சென்று நிற்கும் தகுதியையே அவ்வாற்றல் அவனிடமிருந்து கவர்ந்துகொண்டது. வாக்கு நிறைவேறிற்று; அவன் அவளைக் கண்டான். அவன் கேட்டதும் அவன் விரும்பியதும் வேறுவேறு என்பதனை அப்போதே உணர்கின்றான்.

மேலும், அவ்வாற்றலுக்கு ஓர் அளவுண்டு. தொடக்க இதழ்களில் 9999 என்னும் எண்ணிலிருந்து இறங்கும் கணக்கொன்று காட்டப்படும். பகைவனை அழிப்பினும் தன் காயத்தை ஆற்றினும் எண் குறையும். முற்றும் தீருமாயின் மீண்டும் நரகம் புகவேண்டும். ஆற்றலைப் பயன்படுத்துந்தோறும் தன் முடிவை அணுகும் வீரன், ஒவ்வொரு செயலையும் எண்ணியே செய்தல் வேண்டும். அத்தகையவன், நோயுற்ற ரெறியைக் குணப்படுத்தவும் அவ்வாற்றலையே செலவிடுகின்றான். தன் இடத்தைப் பெற்றவனை வாழவைத்தலால் அவனுக்கு யாதொரு பயனும் இல்லை. ஆயினும் கதையிலே அவன் மனிதனாக மீளும் இடம் அதுவே.

இந்நூல் குறையற்றதன்று. குருதியும் கொடூரமும் மிகுந்து, ஓவியம் கதையை விழுங்கும் பக்கங்கள் பல. எனினும், வேண்டியதைப் பெறுமுன் அதனைப் பெற்றபின் நாம் யாவராய் இருப்போம் என்று எண்ணிப் பார்க்குமாறு இளைஞரை அது தூண்டுகின்றது. கல்வி, பதவி, செல்வம் ஆகியவற்றை நாடிச் செல்லும் மாணாக்கர்க்கும் இவ்வெண்ணம் வேண்டப்படுவதேயாம்.