டெப்லட்டுக்கு எந்த சார்ஜர்? கடல் தாண்டுமுன் பார்க்க வேண்டியவை

நெடுந்தீவில் ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பில் போடுவது, கடன் கணக்கு எழுதுவது, கியூஆர் மூலம் பணம் பெறுவது எல்லாமே ஒரு டெப்லட்டில்தான். காலைப் படகில் வந்த பயணிகள் கடைக்குள் நிற்கும் நேரம் பார்த்து அது அணைந்து விடுகிறது. இத்தனைக்கும் விடிந்ததிலிருந்து சார்ஜரில்தான் கிடந்தது. டெப்லட் பழுதாகிவிட்டது என்று நினைத்து, குறிகட்டுவானுக்குப் படகேறி, அங்கிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணம் போனால் அன்றைய வியாபாரம் போனதுதான். பெரும்பாலும் டெப்லட்டில் பழுது எதுவும் இருக்காது. பழைய கையடக்கத் தொலைபேசியின் சார்ஜரை அதில் செருகியிருப்பார்கள்.

சார்ஜரின் வேகத்தைச் சொல்வது வாட் கணக்கு. சார்ஜரின் உடலில் பொடி எழுத்தில் 'அவுட்புட்' என்று இருக்கும் வரியைப் பாருங்கள். அதில் உள்ள வோல்டையும் அம்பியரையும் பெருக்கினால் வாட் வரும். 5 வோல்ட், 1 அம்பியர் என்றால் 5 வாட். 9 வோல்ட், 2.2 அம்பியர் என்றால் ஏறத்தாழ 20 வாட். பத்து அங்குல டெப்லட் ஒன்றின் பெட்டரி சுமார் 28 வாட் மணி கொள்ளும். 5 வாட் சார்ஜரால் அதை நிரப்ப, வீணாகும் மின்சாரத்தையும் சேர்த்தால், ஆறு ஏழு மணித்தியாலம் பிடிக்கும். அதுவும் டெப்லட்டைத் தொடாமல் வைத்திருந்தால்தான். கடையில் திரை முழு வெளிச்சத்தில் நாள் முழுக்க எரிகிறது, டேட்டாவும் ஓடுகிறது. வருகிற 5 வாட் அந்தச் செலவுக்கே சரியாகிவிடும். தாங்கியில் ஒரு பக்கம் தண்ணீர் விழ, மறுபக்கம் குழாய் திறந்து கிடப்பது போல.

இது புதிய தொல்லையும் அல்ல. 2010இல் முதலாவது ஐபேட் வந்தபோதே அதற்கு 10 வாட் சார்ஜர் கொடுத்தார்கள். கணினியின் சாதாரண யூஎஸ்பி வாயில் செருகியவர்களுக்கு 'சார்ஜ் ஆகவில்லை' என்றே திரை காட்டியது. இன்றைய நடுத்தர டெப்லட்டுகள் பல 15 முதல் 20 வாட் வரை வாங்கும். விலை கூடியவற்றில் சில 45 வாட் வரை போகும். உங்கள் டெப்லட் எவ்வளவு வாங்கும் என்பதை அதன் பெட்டியிலோ கம்பெனியின் விபரத் தாளிலோ பாருங்கள். 15 வாட் வாங்கும் டெப்லட்டுக்கு 45 வாட் சார்ஜர் போட்டாலும் அது தனக்கு வேண்டியதை மட்டுமே எடுக்கும். கெடுதல் இல்லை, காசுதான் வீண்.

ஏமாறுவது பெரும்பாலும் வேறு இடத்தில். பெட்டியில் '65 வாட்' என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அது சில கம்பெனிகள் தமது தொலைபேசிக்கென்றே வைத்திருக்கும் தனி முறையாக இருக்கலாம். வேறு டெப்லட்டில் செருகினால் 10 வாட் கூட வராது. ஆகவே 'பவர் டெலிவரி' என்ற பொது முறை உள்ளதையே கேட்டு வாங்குங்கள். இரண்டு மூன்று வாய் உள்ள சார்ஜரில் எழுதியிருப்பது மொத்தக் கணக்கு. பக்கத்தில் தொலைபேசியையும் செருகினால் பங்கு பிரிந்துவிடும். வயரையும் மறக்க வேண்டாம். பழைய அகல வாய் யூஎஸ்பி வயரில் பவர் டெலிவரி ஓடாது. இரு முனையும் டைப் சி ஆன தரமான வயர் 60 வாட் வரை தாங்கும். படகில் கொண்டு போகும்போது பொலித்தீன் பையில் கட்டுங்கள். உப்புத் தண்ணீர் பட்ட டைப் சி முனை சீக்கிரம் அரித்துவிடும்.

விற்பனைக்கு வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் டெப்லட்டுகளுக்கும் டைப் சி வாயைக் கட்டாயமாக்கியது. சாதாரண ஐபேட்டும் 2022இலேயே அதற்கு மாறிவிட்டது. பழைய வாய் சார்ஜர்களை மலிவு என்று பெட்டிக் கணக்கில் இறக்கினால் முதல் முடங்கும்.

ஊர்காவற்றுறைக் கடைக்காரருக்கு யாழ்ப்பாணம் வரை தரைவழி உண்டு. பொருள் சரியில்லை என்றால் அன்றே மாற்றலாம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு அப்படியல்ல. தேசிய மின்கட்டமைப்போடு இணையாத இத்தீவுகள் நெடுங்காலம் டீசல் ஜெனரேட்டரை நம்பியிருந்தவை. சூரிய ஒளி, காற்று, பெட்டரி, டீசல் சேர்ந்த கலப்பு மின் திட்டத்துக்கு இந்தியாவின் 1.1 கோடி டொலர் நன்கொடையில் 2024 மார்ச் 1 அன்று ஒப்பந்தம் கைச்சாத்தானதும் இம்மூன்று தீவுகளுக்கே. மின்னழுத்தம் ஏறி இறங்கும் இடத்தில் 'இன்புட் 100-240 வோல்ட்' என்று எழுதியுள்ள சார்ஜரே பொருத்தம். 220 என்று மட்டும் எழுதியதைத் தவிருங்கள்.

மின்சாரம் நின்றால் பவர் பேங்க் இருக்கிறதே என்பீர்கள். 10,000 மில்லி அம்பியர் மணி என்பது உள்ளே 37 வாட் மணி. வெளியே வருவது அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவே. ஒரு டெப்லட்டை ஒரு தடவை முழுதாக நிரப்பக் கூடக் காணாது. கடைக்கு 20,000 வேண்டும், அதிலும் பவர் டெலிவரி இருக்க வேண்டும்.

வாங்கப் போகும்போது டெப்லட்டைப் பாதிச் சார்ஜுக்குக் கீழே வைத்துக் கையோடு கொண்டு போங்கள். கடையிலேயே செருகி, திரையை எரியவிட்டுப் பத்து நிமிடம் நில்லுங்கள். 20 வாட் டெப்லட்டில் ஐந்து வீதமாவது ஏறாவிட்டால் முதலில் வயரை மாற்றிப் பாருங்கள். அதற்கும் ஏறாவிட்டால் அந்த சார்ஜரை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.