சல்வீனியா பெருகும் கணக்கு

குளத்தின் ஒரு மூலையிற் பாய் விரித்தாற்போலக் கிடக்கும் சல்வீனியாவைக் காணும் கமக்காரர் பலர், முக்காற் பங்கு நீர் இன்னும் வெளியாகத்தானே கிடக்கின்றது என எண்ணி, அறுவடை முடியும்வரை அதனை விட்டுவிடுகின்றனர். அறுவடை முடிந்து வந்து பார்க்கும்போது நீரே தெரிவதில்லை. இதனைச் சோம்பல் என்று கூறுதல் நியாயமன்று. இக்களை பெருகும் கணக்கு, மனம் இயல்பாகப் போடும் கணக்கிலிருந்து வேறானது.

சல்வீனியாவின் தாயகம் தென்கிழக்குப் பிரேசில் ஆகும். 1939ஆம் ஆண்டில் தாவரவியற் கல்வியின் பொருட்டுக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்ட இது, சில ஆண்டுகளுள் வெளி நீர்நிலைகளிற் புகுந்தது. 1950களின் நடுப்பகுதியில் இருபதினாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நெல்வயல்களில் இது பரவியிருந்தது. இத்தனைக்கும் இதற்கு முளைக்கும் விதை இல்லை. தண்டின் கணுக்களில் அரும்புகள் உள்ளன. தண்டு ஒடிந்தால் அரும்புள்ள துண்டு தனிச்செடியாகின்றது.

ஒருவர் நாளொன்றுக்குப் பத்து யார் வரம்பு கட்டுவாராயின் பத்து நாளில் நூறு யார் கட்டுவார். களையோ இவ்வாறு கூடுவதில்லை. இன்று உள்ள செடிகள் யாவும் புதுச்செடிகளைத் தருகின்றன. அப்புதுச்செடிகளும் அவ்வாறே தருகின்றன. வட்டிக்கு வட்டி ஏறும் கடனைப் பட்டு அறிந்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஒரு குளத்தில் ஒரு சதுர மீற்றர் பரப்பிற் சல்வீனியா உள்ளதெனவும், அது ஏழு நாளுக்கு ஒரு முறை இரட்டிக்கின்றதெனவும் கொள்வோம். மூன்றாம் வார முடிவில் 8 சதுர மீற்றர். ஆறாம் வாரத்தில் 64. ஒன்பதாம் வாரத்தில் 512. பத்தாம் வாரத்தில் 1,024. ஓர் ஏக்கர் என்பது ஏறக்குறைய 4,047 சதுர மீற்றர். ஆகவே, பத்து வாரம் கழிந்தும் ஏக்கரிற் காற்பங்கே மூடியிருக்கும். பதினொராம் வாரத்தில் அரைப்பங்கு; பன்னிரண்டாம் வாரத்தில் முழு ஏக்கரும் மூடிவிடும். முக்காற் பங்கு வெளியாகக் கிடந்த நாளுக்கும் நீர் மறைந்த நாளுக்கும் இடையே இரண்டே வாரங்கள்.

அட்சரகணிதத்தில் இதனை அடுக்குக்குறிச் சார்பு என்பர். தொடக்கப் பரப்பு த எனவும், இரட்டித்த தடவைகள் ம எனவும் கொண்டால், பரப்பு த × 2^ம ஆகும். ம என்பது 2இன் சுட்டி. கழிந்த நாட்களை, ஒரு முறை இரட்டிப்பதற்கு ஆகும் நாட்களால் வகுத்தால் ம கிடைக்கும். வீட்டிற் படிக்கும் பிள்ளைகள் இதனை எளிதிற் செய்து காட்டுவர்.

இக்கணக்கின் பெரும்பயன் களையெடுப்பிலேயே உள்ளது. மேற்கூறிய குளத்திற் பத்தாம் வாரத்தில் அயலவர் கூடிப் பத்தில் ஒன்பது பங்கை, அதாவது ஏறத்தாழ 922 சதுர மீற்றரை, வாரிக் கரையேற்றுகின்றனர் எனக் கொள்வோம். எஞ்சியது 102 சதுர மீற்றர். வேலை முடிந்ததுபோலத் தோன்றும். ஆனால் 23 நாட்களிற் களை பழைய பரப்பை அடைந்துவிடும். மறுநாளும் வந்து, எஞ்சியதிற் பத்தில் ஒன்பது பங்கை, அதாவது 92 சதுர மீற்றரை மட்டும், எடுப்பாராயின் மேலும் 23 நாட்கள் கிடைக்கும். அதன்பின் ஒன்பது சதுர மீற்றரை எடுத்தாலும் அதே 23 நாட்கள். முதல் நாள் பலர் கூடிப் பெற்ற பயனைக் கடைசியில் ஒருவர் ஒரு கடகத்துடன் பெறுகின்றார். பெரும்பாலோர் விட்டுச்செல்வது இக்கடைசி வேலையையே. விதையில்லாக் களையாதலின், துண்டுகள் யாவும் அகற்றப்பட்டால் சேற்றிலிருந்து மீண்டும் முளைக்காது. மேலிருந்து நீரோடு வருவதே அச்சம். அதனைத் தடுக்க வாய்க்காலிற் கம்பிவலையோ மூங்கிற் படலோ இடலாம்.

ஏழு நாள் என்பது எடுத்துக்காட்டே. வெப்பமும் வயலிலிருந்து வடியும் உரமும் மிகுந்த நீரில் இக்களை அதனினும் விரைந்து இரட்டிக்கும். தம் குளத்தின் கணக்கை அறிய விரும்புவோர், மூங்கிற் சட்டமொன்றை நீரில் மிதக்கவிட்டு, அதனுள் இருபது இலைச்சோடிகளையுடைய செடிகளை இட்டு, ஏழு நாட்களின் பின் எண்ணிப் பார்க்கலாம். நாற்பதாயின் இரட்டிப்புக் காலம் ஏழு நாள். முப்பதாயின் ஏறத்தாழப் பன்னிரண்டு நாள். சட்டம் நிறையுமுன் எண்ணுதல் வேண்டும். இடம் நிறைந்தபின் இலைகள் மடிந்து நெருங்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும். அந்நிலையிற் பரப்பு கூடாது, தடிப்பே கூடும். மேற்கூறிய சூத்திரமும் பொருந்தாது.

1986ஆம் ஆண்டில் இக்களையை உண்ணும் சிறு கூன்வண்டு இந்நாட்டில் விடப்பட்டது. இரண்டு மில்லிமீற்றர் அளவினதான அவ்வண்டும் இதே கணக்கின்படியே பெருகுகின்றது. அரும்புகள் கபிலநிறமாகிக் கருகிக் காணப்படும் இடங்களில் அது வேலை செய்கின்றதெனக் கொள்ளலாம். அத்தகைய செடிகளை வாரி எரித்தல் வண்டையும் அழிப்பதாகும். ஏனைய இடங்களிற் கரையேற்றிய களையை வரம்பின்மேற் குவித்தலாகாது; ஒரு மழையில் அது மீண்டும் நீருள் இறங்கிவிடும். நீர் எட்டாத மேட்டில் பரப்பி, கையால் நொறுங்கும்வரை காயவிடுதல் வேண்டும்.