கிராம்பு வேறு, கிராம்புத் தைலம் வேறு

கன்னம் வீங்கி, வாய் திறக்க முடியாமல், எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வருகிறவரிடம் எத்தனை நாளாக வலி என்று கேட்கிறேன். “ரொம்ப நாளா இருக்கு டாக்டர். கிராம்புத் தைலம் வெச்சா அடங்கிடும்” என்கிறார். வலி அடங்கியது உண்மைதான். சீழ் அடங்கவில்லை, தாடையைத் தாண்டிக் கழுத்துக்கு இறங்கிவிட்டது. அடுத்த கட்டிலில், சளிக்கு ஓமத் தைலம் ‘நாலே சொட்டு’ புகட்டப்பட்ட கைக்குழந்தை. இரண்டு வீட்டாரும் சொல்லும் நியாயம் ஒன்றுதான்: “சமையலுக்குப் போடறதுதானே?”

பாட்டிலில் இருப்பது என்ன?

சமையலுக்குப் போடுவது கிராம்பு. பாட்டிலில் இருப்பது அதிலிருந்து வடித்தெடுத்த தைலம். அதில் பெரும்பங்கு யூஜினால். ஓமத்தில் இருப்பது தைமால். கற்பூரவல்லியிலும் பீட்சாவில் தூவும் ஆரிகானோவிலும் கார்வக்ரால். மூன்றும் ஃபீனால் வகை. அந்தக் காலத்து ஆஸ்பத்திரிகளில் கிருமி கொல்லப் பயன்பட்ட கார்பாலிக் அமிலத்துக்குச் சொந்தக்காரர்கள். கிருமியின் மேலுறையைக் கிழித்துத்தான் அதைக் கொல்கின்றன. நம் வாய்த்தோலின் செல்லுக்கும் மேலுறை உண்டு. தைலத்துக்கு ஆள் தெரியாது.

கணக்கைப் பாருங்கள். உணவு வழியாக ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் யூஜினால் வரை போகலாம் என்பது உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு அமைப்பும் கூட்டாக நடத்தும் நிபுணர் குழு வகுத்த அளவு. 10 கிலோ குழந்தைக்கு 25 மில்லிகிராம். ஒரு சொட்டுக் கிராம்புத் தைலத்திலேயே சுமார் 40 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு டீஸ்பூன் தைலம் என்பது ஏறக்குறைய 300 கிராம்பு. பிரியாணிக்கு எத்தனை போடுகிறீர்கள்?

“பல் வலிக்கு இதுதான் கைகண்ட மருந்து”

பல் மருத்துவரே யூஜினால் வைக்கிறாரே என்பார்கள். வைக்கிறார். துத்தநாக ஆக்சைடுடன் குழைத்து, சொத்தையைச் சுரண்டிச் சுத்தம் செய்தபின், குழிக்குள் தற்காலிகமாக அடைக்கிறார். நீங்கள் பஞ்சில் நனைத்துக் கடைவாயில் வைத்துக்கொண்டு தூங்கிவிடுகிறீர்கள். காலையில் ஈறு வெந்து வெள்ளையாக உரிந்து கிடக்கிறது. கடையில் விற்கும் லிஸ்டரின் கொப்பளிப்பு நீரில் தைமால் 0.064 சதவீதம்தான். அதையும் துப்பச் சொல்கிறார்கள்.

யூஜினால் நரம்பை மரக்க வைக்கும், சொத்தையை ஆற்றாது. சில நாளில் வலி தானாகவே போய்விட்டால் இன்னும் மோசம். பல்லின் உயிர்நரம்பு செத்துப்போயிருக்கலாம். அழுகல் வேருக்கு இறங்கிக்கொண்டிருக்கும். சர்க்கரை நோயாளிகள் இந்த விளையாட்டே விளையாடக்கூடாது. கழுத்துவரை வீக்கம் வந்தபின் மூச்சுக்குழாயைக் காப்பாற்றுவதே பெரும்பாடாகிவிடுகிறது.

“பூச்சிக்கு ஓமம்”

இதில் ஓரளவு உண்மை இருந்தது, நூறாண்டுக்கு முன்னால். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கொக்கிப்புழுவை ஒழிக்க 1909-இல் ராக்ஃபெல்லர் பணத்தில் தொடங்கிய இயக்கம் தைமாலைத்தான் மருந்தாகக் கொடுத்தது. புழு செத்தது. கூடவே ஆபத்தும் இருந்தது: மருந்து சாப்பிட்ட அன்று சாராயமும் எண்ணெய்ப் பதார்த்தமும் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்கள். அவற்றில் தைமால் கரைந்து ரத்தத்தில் ஏறினால் ஆளே போய்விடும், போயிருக்கிறார்கள். அதனால்தான் பிற்பாடு அதைக் கைவிட்டார்கள். இன்று அல்பெண்டசோல் ஒரே மாத்திரை. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். அதை “சூடு” என்று வேண்டாமென்று விட்டுவிட்டு, விளக்கெண்ணெயில் ஓமத் தைலம் கலந்து கொடுக்கும் வீடுகள் இருக்கின்றன. எண்ணெயில் கலந்து!

கற்பூரவல்லியும் கைக்குட்டை முடிச்சும்

2021-இல் கற்பூரம், கிராம்பு, ஓமம் மூன்றையும் துணியில் முடிந்து முகர்ந்தால் ஆக்ஸிஜன் ஏறும் என்று வாட்ஸ்அப்பில் பரவியதே, நினைவிருக்கிறதா? ஏறாது. மூக்கில் காரம் பட்டதும் மூச்சு தாராளமாகப் போவதுபோலத் தோன்றும், அவ்வளவுதான். முடிச்சை முகர்ந்துகொண்டே வீட்டில் காத்திருந்தவர்களில் சிலர் எந்த நிலையில் வந்தார்கள் என்பதை நாங்கள் மறக்கவில்லை. இன்றும் அதே முடிச்சைக் குழந்தையின் தொட்டிலில் கட்டுகிறார்கள். கற்பூரத்தை வாயில் போட்டுக்கொண்டால் குழந்தைக்கு வலிப்பே வரும்.

“ஓமச் சத்து ரத்தத்தில் கலந்து கிருமியைக் கொல்லும்” என்பதும் கற்பனை. கண்ணாடிக் குடுவைக்குள் தைமால் கிருமியைக் கொல்கிறது. குடித்த தைமாலையோ குடலும் கல்லீரலும் உடனே உருமாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடுகின்றன.

பெரிய குழந்தைக்கு இரண்டு கற்பூரவல்லி இலையைக் கஷாயத்தில் போடுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் நிமிடத்துக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40; இந்த அளவைத் தொட்டாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ அது சளி அல்ல. அன்றைக்கே கிளம்ப வேண்டும்.

குடித்துவிட்டால்

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விரலும் வேண்டாம், உப்புத் தண்ணீரும் வேண்டாம். தைலம் நுரையீரலுக்குள் போனால் அது தனி ஆபத்து. பாலும் நெய்யும் புகட்டாதீர்கள். 108-ஐ அழையுங்கள், பாட்டிலைக் கையோடு எடுத்து வாருங்கள். 5 முதல் 10 மில்லி கிராம்புத் தைலம் குடித்த இரண்டு வயதுக் குழந்தை கோமாவுக்குப் போய், கல்லீரல் பாதித்து, ரத்தம் உறையாமல் தவித்தது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. பாராசிட்டமால் அளவு மீறினால் கொடுக்கும் அசிடைல்சிஸ்டீனையே இதற்கும் கொடுக்கிறோம்; சீக்கிரம் வந்தால்தான் அதற்கு வேலை.

ரத்தச் சர்க்கரை, கல்லீரல் பரிசோதனை, ரத்தம் உறையும் நேரம் பார்ப்போம்.

கெஞ்சிக் கேட்கிறேன்

தாளிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. ரசத்தில், முறுக்கில், குருமாவில் எத்தனை தலைமுறையாகவோ சாப்பிடுகிறோம். அந்த அளவில் ஒன்றும் ஆகாது. தைல பாட்டிலை மட்டும் சாமி அலமாரியிலிருந்தும் தலைமாட்டிலிருந்தும் எடுத்து, பூட்டும் இடத்தில் வையுங்கள். இருமல் மருந்து பாட்டிலுக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தில் கை மாறிவிடும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தைலத்தை உள்ளுக்குச் சாப்பிடாதீர்கள். பல் வலித்தால் அந்த வாரமே பல் மருத்துவரிடம் போங்கள், தயவுசெய்து.

ஆறு மாதம் முடியும்வரை கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும்தான். ஓம வாட்டரும் வேண்டாம். வீட்டுப் பெரியவர்கள் கோபித்துக்கொண்டால் அவர்களையும் அழைத்து வாருங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.