இயேசு படம்தானே என்று விட்டுவிடலாமா?

பிள்ளைகள் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக்கூடாது? கிறிஸ்தவக் குடும்பங்களில் தினமும் எழும் கேள்வி இது. தைப்பிங்கில் ஞாயிறு பள்ளி நடத்தும் என்னிடமும் பெற்றோர்கள் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். "டீச்சர், நல்ல படங்களா ஒரு பட்டியல் கொடுங்க" என்பார்கள். பட்டியல் கொடுப்பது சுலபம். ஆனால் அது மட்டும் போதாது என்பதை நான் என் வீட்டிலேயே கற்றுக்கொண்டேன்.

ஒரு வீசிடி தந்த பாடம்

2004-ஆம் ஆண்டு மெல் கிப்சன் இயக்கிய 'தி பேஷன் ஆஃப் த கிரைஸ்ட்' படம் வெளிவந்தது. நம் நாட்டில் அதைக் கிறிஸ்தவர்கள் மட்டும் பார்க்கலாம் என்ற நிபந்தனையோடு அனுமதித்தார்கள். டிக்கெட்டுகள் தேவாலயங்கள் வழியாகவே கிடைத்தன. ஆனால் அதன் வீசிடி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. இயேசுவின் படம்தானே என்று எட்டு வயது மகளையும் பக்கத்தில் உட்கார வைத்தோம்.

சாட்டையடிக் காட்சியில் அவள் முகத்தை மூடிக்கொண்டாள். "பாரும்மா, நமக்காகத்தான் இவ்வளவு பாடு" என்று அவள் கையை விலக்கியவள் நான்தான்.

அதன் பிறகு பல வாரங்கள், ஞாயிறு காலை சர்ச்சுக்குக் கிளம்பினாலே வயிற்றுவலி என்பாள். காரணத்தை அவள் பாட்டியிடம்தான் சொன்னாள். சிலுவையைப் பார்த்தால் அந்த ரத்தம் ஞாபகத்துக்கு வருகிறதாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை? "அம்மா பார்க்கச் சொன்ன படம். பயமா இருக்குன்னு சொன்னா கோபிப்பாங்க." படத்தைவிட இந்தப் பதில்தான் என்னை அதிகம் வருத்தியது.

அந்தப் படத்துக்கு அமெரிக்காவில் 'ஆர்' முத்திரை. அதாவது, 17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையின்றிப் பார்க்கக்கூடாது. மோசேயின் கதையைச் சொல்லும் 'தி பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்' என்ற 1998-ஆம் ஆண்டு கார்ட்டூன் படத்துக்கு அங்கே 'பிஜி' முத்திரை. இரண்டும் வேதாகமக் கதைகளே. ஆனாலும் பிள்ளையின் வயதுக்கு ஏற்றதா என்பது தனிக் கேள்வி.

முத்திரை எதுவரை உதவும்?

நம் திரைப்படத் தணிக்கை வாரியம் 'யு', 'பி12', '13', '16', '18' என்று வயதுவாரியாகப் படங்களைப் பிரிக்கிறது. திரையரங்குக்குப் போகும்போது அதைப் பாருங்கள். ஆனால் கைப்பேசியில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் காணொளிகளுக்கு அந்த வாரியத்தின் முத்திரை கிடையாது. 16 வயதுக்குக் குறைந்தவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கத் தடை வரும் என்று அரசாங்கம் 2025 நவம்பரில் அறிவித்தது. நல்லதுதான். ஆனால் அப்பாவின் கைப்பேசி பிள்ளையின் கையில் இருந்தால் எந்தச் சட்டம் என்ன செய்யும்?

நேரமும் முக்கியம். இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை முன் உட்காரக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் கூறியது. வேதாகமக் கார்ட்டூன் என்பதற்காக அந்த அளவு கூடிவிடாது.

மூன்று கேள்விகள்

முதலாவது, இதை என் பிள்ளையின் மனம் தாங்குமா? ஒரே வீட்டில் அண்ணன் பார்க்கக்கூடியது தங்கைக்கு ஆகாமல் போகலாம்.

இரண்டாவது, தவறை எப்படிக் காட்டுகிறார்கள்? வேதாகமத்திலும் காயீன் தம்பியைக் கொல்கிறான், தாவீது பிறன் மனைவியை எடுத்துக்கொள்கிறான். ஆனால் அந்தப் பாவத்தின் விளைவும் அங்கேயே சொல்லப்படுகிறது. கொலைகாரனைக் கதாநாயகனாக்கிக் கைதட்ட வைக்கும் படம் வேறு ரகம். உண்மையும் தூய்மையுமானவற்றைச் சிந்தியுங்கள் என்ற கருத்தில் பவுல் பிலிப்பியருக்கு எழுதினாரே, அந்த அளவுகோல் இங்கே உதவும்.

மூன்றாவது, பார்த்த பிறகு பிள்ளை என்னிடம் மனம்விட்டுப் பேசுமா? பேசாது என்றால் எந்தப் பட்டியலும் பயன்படாது. எல்லாவற்றையும் தடுக்கும் வீட்டுப் பிள்ளை நண்பன் வீட்டில் பார்த்துவிட்டு மறைக்கும். எல்லாவற்றையும் அனுமதிக்கும் வீட்டுப் பிள்ளையின் பயம் யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

இன்னொன்று. 'ஹாரி பாட்டர்' ஒரு வீட்டில் தடை, பக்கத்து வீட்டில் அனுமதி. இதற்காகச் சபையில் ஒருவரையொருவர் குறை சொல்ல வேண்டாம். கொரிந்து சபையில் உணவைப் பற்றி எழுந்த சச்சரவுக்கும் பவுல் சொன்ன தீர்வு, பலவீனமானவரின் மனச்சாட்சியை மதிக்க வேண்டும் என்பதுதான். வீட்டில் அந்த இடத்தில் இருப்பது நம் பிள்ளை.

என் மகளுக்கு இன்று ஒரு குழந்தை இருக்கிறது. எதையும் முதலில் தானே பார்த்துவிட்டு, பிறகு குழந்தையோடு உட்கார்ந்து பார்க்கிறாள். குழந்தை முகத்தைத் திருப்பினால் உடனே நிறுத்திவிட்டு, "என்னம்மா?" என்று கேட்கிறாள். பெற்றோர்களே, இந்த வாரம் அரைமணி நேரமாவது பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். அவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு கேளுங்கள். கோபிக்காமல் கேளுங்கள்.